கோபமில்லாமல் போனவர்கள்

வஜ்தி இந்தக் குளிர்காலத்தில் இறந்துபோனான். ஜோர்தானின் இர்பித் நகரில் ஒரு காப்பி வறுக்கும் கடைக்கு விளம்பரம் எழுதியவன் என்றால் பாதி ஊருக்கு ஆள் தெரியும். மீதிப் பேருக்குப் பெயர் தெரியாது. ஆனால் ஒருகாலத்தில் தினமும் அவனோடு பேசியிருப்பார்கள்.

மாணவனாக இருந்தபோதே ஊர்க்காரர்களின் இணைய மன்றம் ஒன்றைச் சம்பளமில்லாமல் கவனித்துக்கொண்டான். புதிதாக யார் வந்தாலும் இருப்பவர்கள் ஒவ்வொருவராக வரவேற்பு எழுதுவார்கள். வந்தவர் கூச்சப்படும் அளவுக்கு எழுதுவார்கள். பிறகு மன்றத்துச் சொந்தக்காரர் பக்கத்தின் தலையிலும் இடுப்பிலும் விளம்பரங்களை மாட்டினார். யாரும் சண்டை போடவில்லை. ஒருநாள் புதியவர் ஒருவர் வந்தபோது வரவேற்க வஜ்தியைத் தவிர ஆளில்லை. ஒரு தளம் சத்தமில்லாமல்தான் சாகிறது என்பதை அன்று தெரிந்துகொண்டான்.

பின்னாளில் அபூ நிஸாரின் காப்பிக் கடையில் சேர்ந்ததும், வேறொரு வலைத்தளத்தில் கடையின் பெயரில் ஒரு குழு தொடங்கினான். அதில் காப்பிப் பேச்சு அபூர்வம். எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை, எந்த மருந்துக்கடை திறந்திருக்கிறது, யார் வீட்டில் நிச்சயதார்த்தம் என்பதே பேச்சு. உம்மு ஸுஹைர் என்ற அம்மாள், கத்தரிக்காய் ஊறுகாய்க்கு உப்பு எவ்வளவு என்று கேட்டவர்களுக்கெல்லாம் சலிக்காமல் பதில் எழுதுவார். அந்தக் குழுவில் இருந்தவர்கள் காப்பிக்கு வேறு கடை தேடியதில்லை.

அபூ நிஸாருக்கு அது போதவில்லை.

“இவ்வளவு கூட்டத்தைச் சேர்த்து வச்சிட்டு சும்மா உட்கார்ந்திருக்கியேப்பா. யாராச்சும் மவுத்துச் செய்தி போட்டா, அடியிலயே நம்ம விளம்பரம் தானா வர்ற மாதிரி பண்ணு. துக்க வீட்டுல முதல்ல தேடுறது கசப்புக் காப்பிதானே?”

“வேணாம் ஹாஜி. மவுத்து வீட்டு வாசல்ல கடை விரிச்ச மாதிரி இருக்கும்.”

“ஆள் வர்ற வாசல்லதான்டா கடை விரிக்கணும். நீ வியாபாரம் பாக்க வந்தியா, ஊருக்குப் புத்தி சொல்ல வந்தியா?”

வஜ்தி சொன்னதைச் செய்தான். விற்பனை ஏறியது. அபூ நிஸார் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

பிறகு உம்மு ஸுஹைர் காலமானார். மகன் ஸுஹைர் குழுவில் இரண்டே வரியில் அதை எழுதினான். அந்த வரிகளுக்குக் கீழே பொன்னிற எழுத்தில் “சுடச்சுட, உங்கள் வீடு தேடி” என்று வந்து நின்றது. வஜ்தி பதறிப்போய் அழிப்பதற்குள் ஊரே பார்த்துவிட்டது. திட்டி ஒருவரும் எழுதவில்லை. அந்த வாரம் யாரோ தண்ணீரைப் பற்றிக் கேட்டார்கள். பதிலே வரவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் கேட்கவும் ஆளில்லை. கடையிலும் கூட்டம் குறைந்தது.

அபூ நிஸார் பயந்துவிட்டார். ஊர்ப் பெரியவர்கள் இருவரையும் வஜ்தியையும் கூட்டிக்கொண்டு முறைப்படி ஸுஹைர் வீட்டுக்குப் போனார். சின்னக் கிண்ணத்தில் காப்பி வந்தது. கோரிக்கையோடு வந்தவர், வீட்டுக்காரர் சம்மதிக்கும்வரை அதைக் குடிப்பதில்லை என்பது அந்த ஊர் வழக்கம். அபூ நிஸார் கிண்ணத்தை முன்னால் வைத்தார்.

“மன்னிச்சிரணும் மகனே. அப்புறம், குழுவுக்குத் திரும்பி வரணும். நீங்க வந்தா எல்லாரும் வந்துருவாங்க.”

“மன்னிக்க என்ன இருக்கு ஹாஜி? எங்களுக்குக் கோவமே இல்ல. குடிங்க.”

“அப்போ வருவீங்கதானே?”

“குடிங்கன்னுதானே சொல்றேன். முன்ன வாங்குன உங்க கடைக் காப்பிதான், பயப்படாம குடிங்க.”

பெரியவர்கள் சிரித்தார்கள். அபூ நிஸார் மட்டும் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதில் பாதி கிடைத்துவிட்டது. மீதிப் பாதியை ஸுஹைர் மறுக்கவுமில்லை, தரவுமில்லை.

“குடிச்சிரு அபூ நிஸார்,” என்றார் பெரியவர்களில் ஒருவர். “ஆறிப்போச்சு. இன்னும் இழுத்தா கிடைச்சதும் போயிரும்.”

அவர் குடித்தார். கோபித்துக்கொண்டு போனவரைக் காலில் விழுந்தாவது அழைத்து வரலாம். கோபமே இல்லாமல் போனவரை எதைப் பிடித்து இழுப்பது என்று வஜ்திக்குத் தெரியவில்லை.

வாசலில் ஸுஹைர் அவன் கையைப் பிடித்தான். “தெருக்காரங்க மட்டும் சின்னதா ஒரு குழு வச்சிருக்கோம். நீயும் வா. ஆனா கடையை வெளிய விட்டுட்டு வரணும்.”

“வர்றேன்,” என்றான் வஜ்தி.

பெரியவர்களை இறக்கிவிட்ட பிறகு அபூ நிஸார் கேட்டார். “வாசல்ல என்ன குசுகுசுன்னான்?”

“தனியா ஒரு குழு இருக்காம். என்னைக் கூப்பிட்டான்.”

“அட, கதவு திறந்துருச்சே. முதல்ல நீ உள்ள போ. அப்புறம் மெதுவா நம்ம...”

“இல்ல ஹாஜி. என்னை மட்டும்தான் கூப்பிட்டாங்க.”

“உனக்குச் சம்பளம் தர்றது அவனா, நானா?”

“நீங்கதான். இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம்.”

அபூ நிஸார் வண்டியை ஓரமாக நிறுத்தினார். பல்கலைக்கழகத் தெருவில் பிள்ளைகள் கைப்பேசியைப் பார்த்தபடி போய்க்கொண்டிருந்தார்கள். அவர் இறங்கிய குரலில் கேட்டார்.

“அவங்க இப்போ எந்தக் கடையில வாங்குறாங்கன்னாவது சொல்லுவியா?”

வஜ்தி அதற்கும் மாட்டேன் என்று தலையசைத்தான்.