அப்பாவின் கொக்கோ மூட்டை

இந்த நாட்டில் சாக்லேட் தொழில் வளர்ந்த வரலாற்றை யாராவது எழுதினால், தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தென்னந்தோப்பைக் கட்டாயம் விட்டுவிடுவார்கள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஒரு கம்பெனிக்காரர் வந்து, தென்னைக்கு நடுவே நடுங்கள் என்று அப்பாவுக்குக் கொக்கோ கன்றுகளைச் சும்மா கொடுத்தார். காய்த்தால் கடைசிவரை நாங்களே வாங்கிக்கொள்வோம் என்றார். இரண்டு மூன்று வருஷம் வாங்கவும் செய்தார்கள். பிறகு வெளிநாட்டுக் கொட்டை மலிவாம், வண்டி வருவது நின்றுவிட்டது. அப்பா தினமும் ரோட்டுக்குப் போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவார். அணில் தின்றது போக மிச்சக் காய் மரத்திலேயே அழுகியது. சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் மரத்தை வெட்டினார்கள். அப்பாவும் வெட்டினார். கிணற்றோரம் ஒரு வரிசையை மட்டும் நிழலுக்காக விட்டார்.

போன வருஷம் அதையும் வெட்டக் கிளம்பினார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"இத்தினி வருசத்துல இந்தக் காயில செஞ்ச சாக்லேட்டு ஒண்ணாவது நம்ம வூட்டுக்கு வந்துதா? ஒண்ணு காட்டு, வுட்டுர்றேன்" என்றார்.

என் கல்லூரித் தோழி ஒருத்தி சாக்லேட் செய்யப் பயிற்சி எடுத்து, கரியாலூரில் அருவிக்குப் போகிறவர்களை நம்பிக் கடை போட்டிருந்தாள். கொட்டையைப் புளிக்கவைத்துக் காயவைத்து அனுப்பு, வறுத்து அரைப்பது என் பொறுப்பு என்றாள். பன்னிரண்டு வருஷப் பழக்கம். நம்பாமல் என்ன செய்வேன்?

சதையோடு கொட்டையைப் பெட்டியில் போட்டு, வாழையிலையால் மூடி, சாக்குப் போர்த்தி வைத்தோம். மூன்றாம் நாள் தெருமுனை வரை புளித்த நாற்றம். எங்கள் பக்கத்தில் அந்த நாற்றத்துக்கு ஒரே அர்த்தம்தான், சாராய ஊறல். பக்கத்துத் தோப்புக்காரர் வேலியோரம் வந்து குரலைத் தாழ்த்தி, "இன்னா மாமா, இந்த வயசுல ஊறல் போட்டுகினு இருக்கீங்க?" என்று கேட்டார். அப்பாவுக்கு மானமே போய்விட்டது. ஆனாலும் யாராவது வந்து கவிழ்த்துவிடுவார்களோ என்று பெட்டிக்குப் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுக் காவல் இருந்தார். கிளறியதும் அவர்தான், காயவைத்ததும் அவர்தான். மூட்டை கட்டி, வாயைப் பனைநாரால் இறுக்கி, தன்னுடைய இரட்டை முடிச்சைப் போட்டார். அந்த முடிச்சை அவிழ்க்கவே முடியாது, அரிவாளால் அறுக்கத்தான் வேண்டும்.

ஒரு மாதத்தில் தோழியிடமிருந்து சாக்லேட் பார்சல் வந்தது. உறையில் 'எங்கள் தோப்புக் கொக்கோ' என்று போட்டு, நான் அனுப்பிய அப்பாவின் படத்தையும் அச்சடித்திருந்தாள். அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஒரு துண்டை வாயில் போட்டு, கரைகிற வரை சப்பினார்.

"நம்ம காயா இது" என்றார். மரம் வெட்டும் பேச்சை அதோடு விட்டார்.

அதற்குப் பிறகும் மூட்டை போய்க்கொண்டிருந்தது. போன மாதம் நானே ஒன்றை எடுத்துக்கொண்டு, தோழிக்குச் சொல்லாமல் கரியாலூர் போனேன். கடையில் கூட்டம். பின்கட்டில் இறக்கிவைக்கப் போனால், முதல் மூட்டை உட்பட முன்பு அனுப்பிய மூன்று மூட்டைகளும் அங்கேயே கிடந்தன. மூன்றிலும் அப்பா போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. சாக்கை வண்டு துளைத்து, அடியில் தூள் கொட்டியிருந்தது. அடுப்பில் வேறு எங்கிருந்தோ வாங்கிய பாமாயில் கலந்த மலிவு சாக்லேட் கட்டிகள் உருகிக்கொண்டிருந்தன.

பின்னாலேயே வந்த தோழி பதறக்கூட இல்லை. "அத வறுத்து அரைச்சி எடுக்க ரெண்டு மூணு நாளு ஆவுதுடி. வர்றவங்களுக்குத் தித்திப்பா இருந்தா போதும். உங்கப்பாவுக்கும் புடிச்சிதுதானே?"

அந்தக் கடைசிக் கேள்விக்கே அவளை அறைந்திருக்க வேண்டும். கை எழவில்லை. அப்பா படத்தை எடுத்துவிடு என்று மட்டும் சொல்லிவிட்டு, கொண்டுபோன மூட்டையையும் அங்கேயே போட்டுவிட்டு பஸ் ஏறினேன். கம்பெனிக்காரராவது முகம் தெரியாத ஆள். இவள் எங்கள் வீட்டில் சாப்பிட்டவள். போனதும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டேன்.

அப்பா தோப்பில் குழி வெட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு மரங்களை வெட்டிய அதே இடத்தில் வரிசையாகப் புதுக் குழிகள். பக்கத்தில், எனக்குத் தெரியாமல் அவரே விதை போட்டு வளர்த்த கொக்கோ கன்றுகள். என்னைப் பார்த்ததும் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"இன்னாம்மா, கடைக்கு நம்ம காயி பத்தலியாமா?"

"பத்தலப்பா" என்றேன்.

ஒரு கன்றை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன்.