கைப்பிடி அரிசியில் ஒரு பொய்

என் கைப்பிடி நாற்பது கிராம். கை ஈரமாக இருந்தால் நாற்பத்து மூன்று. கல்யாணமாகித் தேனிக்கு வந்த முதல் வாரமே சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்து, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளில் எழுதி வைத்தேன். அதைப் பார்த்த என் கணவர் ஒரு முறைக்கு இரு முறை படித்தார். பிறகு, "கர்த்தருக்குக் குடுக்குறதுக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திர குத்திருவ போலயே" என்றார்.

கைப்பிடி அரிசி எங்கள் சபைப் பெண்களின் பழக்கம். சோறு பொங்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போட வேண்டும். அது கர்த்தருக்கு. மாதத்தின் முதல் ஞாயிறு அதைத் துணிப்பையில் கட்டிக் கோயிலுக்குக் கொண்டு போவோம். பெண்கள் சங்கத்தின் செயலாளர் எல்லாப் பைகளையும் ஒரே டிரம்மில் கொட்டி, அந்த மாதம் கஷ்டத்தில் இருக்கும் வீடுகளுக்குப் பிரித்து அனுப்புவார். பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி, குமுளிப் பக்கம் சொந்தம் உள்ளவர்கள் போடும் கேரளத்துச் சிவப்பரிசி, எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். வேகவைத்தால் பாதி குழையும், பாதி பல்லில் தட்டுப்படும் என்று கேள்விப்பட்டிருந்தேன். கேள்விதான். நாங்கள் கொடுக்கிற வீடு, வாங்குகிற வீடு இல்லை.

இதில் ஒரு சட்டம் உண்டு. அன்றைய சமையலுக்கு அளப்பதற்கு முன்பே அந்தப் பிடியை எடுத்துவிட வேண்டும். அளந்த பிறகு எடுத்தால் அது மிச்சமாம், காணிக்கை ஆகாதாம். எனக்கு இது ஒத்துவரவில்லை. நான் பாலிடெக்னிக்கில் மின்னணு ஆய்வகம் நடத்துகிறவள். மொத்தம் என்னவென்று தெரியாமல் அதிலிருந்து கழிப்பது எந்தக் கணக்கில் சேரும்? ஆனாலும் செய்தேன், நாற்பது நாற்பது கிராமாக.

நான்கு வருடத்துக்கு முன் ஏப்ரலில் என் கணவருக்கு வேலை போனது. சொட்டுநீர்க் குழாய் விற்கும் ஒரு கம்பெனியின் தேனிக் கிளையில் இருந்தார். காமயகவுண்டன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்குக் குழாய் போட்டுக் கொடுப்பதும், அடைத்துக்கொண்டால் போய்ச் சரி செய்வதும் அவர் வேலை. கிளையை மூடிவிட்டார்கள். என்னுடையதோ ஒப்பந்த வேலை. கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது, ஜூனில்தான் மறுபடி கூப்பிடுவார்கள். ஆகஸ்டில் அவருக்கு வேறு இடம் கிடைத்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஏப்ரலில் இருப்பவர்களுக்கு ஆகஸ்ட் தெரியாது.

எனக்கு அப்போது ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது: இது யாருக்கும் தெரியக் கூடாது. அப்பா போடி கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கிறார். பெண் பார்க்க வந்தபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "கம்பெனி நெலைக்குமா?" என்பது. மாப்பிள்ளை வாயைத் திறக்கும் முன் நான் குறுக்கே புகுந்து, அந்தக் கம்பெனி ஏன் நிலைக்கும் என்பதற்கு ஆறு காரணம் சொன்னேன். ஆறும் நல்ல காரணங்கள்தான். அதனால் வேலை போன மறுநாள் உட்கார்ந்து, உதவி கேட்கக் கூடாதவர்கள் என்று ஒரு பட்டியல் எழுதினேன். அப்பா, கூடப் பிறந்த அக்கா, மாமியார், கீழ் வீட்டுக்காரர், சபையில் அத்தனை பேரும்.

என் கணவர் அதை வாங்கிப் படித்தார். "கர்த்தர் பேர விட்டுட்டியே?"

"அவர்ட்ட கேக்கலாம். அவரு வெளிய சொல்ல மாட்டாரு."

"அப்பச் சரி. தருவாரு."

"எப்பத் தருவாரு? தேதி ஏதும் சொன்னாரா?"

"அத ஒங்கிட்டச் சொன்னா நீ அவருக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி ஞாபகப்படுத்துவ. அதான் சொல்ல மாட்டேங்குறாரு."

அன்றிலிருந்து என் ஜெபத்திலும் வரிசை எண் வந்துவிட்டது. ஒன்று, அவருக்கு வேலை. இரண்டு, பத்துக் கிலோ அரிசி. மூன்று, துவரம்பருப்பு. கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டுத்தான் சொல்வேன். பக்கத்தில் முழங்காலில் இருந்தவர் ஒருநாள் ஒற்றைக் கண்ணைத் திறந்து, "பொன்னியா, ஐ.ஆர். இருவதான்னு வெளக்கமாச் சொல்லிரு ஆத்தா, பெறகு மாத்திக் குடுக்க அலைய முடியாது" என்றார்.

அரிசி பீப்பாய் இறங்கிக்கொண்டே வந்தது. இராத்திரிச் சோற்றை நிறுத்தினேன். கேப்பைக் களி, கோதுமை உப்புமா, சில நாள் பழம். ஒரு வேளைதான் சோறு என்றால் கைப்பிடியும் ஒன்றுதான். மாதக் கடைசியில் டப்பாவைப் பையில் கொட்டி நிறுத்துப் பார்த்தேன். வழக்கமாக இரண்டரைக் கிலோவுக்குக் கிட்டே வரும் பையில் இப்போது பாதிதான் இருந்தது.

இங்கே எங்கள் சங்கச் செயலாளரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தேனிக் கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். எல்லோருக்கும் அவர் அக்கா. எந்தக் குண்டானையும் கையில் தூக்கியே எடை சொல்வார். தராசு அதற்குப் பிறகு வந்து ஆமாம் போடும். முதல் ஞாயிறு அவர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பையையும் வாங்கி, ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொட்டுவார். பை இளைத்திருந்தால், "என்னாத்தா, வீட்டுல ஏதும் கொறையா?" என்று அங்கேயே கேட்டுவிடுவார். அவர் குரலுக்குப் பக்கத்துத் தெருவிலிருந்துகூடப் பதில் வரும்.

ஆகவே அந்தச் சனிக்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். பீப்பாயிலிருந்து அரிசி எடுத்துக் காணிக்கைப் பையை நிரப்பினேன். குறைந்ததை ஈடுகட்டினால் போதும் என்றுதான் ஆரம்பித்தேன். பிறகு, பாதுகாப்புக்கு என்று இன்னும் ஒரு டம்ளர். மூன்று கிலோவைத் தொட்டது. பீப்பாயில் மிச்சம் இருந்தது இரண்டு பேருக்கு நான்கு நாள் சோறு.

என் கணவர் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "காணிக்கையக் கொறச்சுப் பொய் சொன்னவுகளக் கேள்விப்பட்டிருக்கேன். கூட்டிப் போட்டுப் பொய் சொல்றது நீ ஒருத்திதான்" என்றார்.

"கொடுக்குறது எப்படிப் பொய்யாகும்?"

"அதான, எப்படி ஆகும்?" என்று பையின் வாயைக் கட்டக் கயிறு எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் அக்கா பையை வாங்கித் தூக்கினார். அவருடைய புருவம் உயர்ந்தது. "அடியாத்தே, இந்த மாசம் நல்லாக் கனக்குதே! ஒங்க வீட்டக் கர்த்தர் ஆசீர்வதிச்சிருக்காரு பிள்ள" என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் கூசுகிறது. ஆராதனையின் முடிவில் அறிவிப்புகள் வாசித்தார்கள். வடக்கே ஊழியம் செய்யும் மிஷனெரி ஒருவர் புதன்கிழமை வருகிறார், கூட இரண்டு பேர். அவர்களுக்கு மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில் என்று பெண்கள் சங்கம் முடிவு செய்திருக்கிறதாம். ஆண்கள் பக்கத்திலிருந்து என் கணவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தாளை எடுத்தேன். ஒன்று, புதன்கிழமை உப்புமா கிண்டுவது. இரண்டு, எனக்குக் காய்ச்சல் என்று சொல்வது. மூன்று, அக்காவிடம் போய் உண்மையைச் சொல்வது.

"மூணாவது" என்றார் அவர்.

"அது கடைசிலதான இருக்கு."

"அதத்தான் சொல்றேன். செய்ய வேண்டியத எப்பவும் கடைசிலதான் எழுதுவ."

திங்கள் முழுக்க இரண்டாவது வழியை யோசித்தேன். சொல்லப்போனால் நெற்றி லேசாகச் சுடவும் செய்தது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு. கருவிகள் நம் பக்கம் நிற்பதில்லை. செவ்வாய்க்கிழமை பாத்திரக்கடைக்குப் போனேன்.

அக்கா கல்லாவில் உட்கார்ந்து ஒரு இட்லிக் கொப்பரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. பேச வேண்டியதைப் பஸ்ஸுக்கு நின்றபோதே மனதில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் வரிசை போய்விட்டது. "அக்கா, அவுகளுக்கு வேலை இல்ல. வீட்டுல அரிசியும் இல்ல. நாளைக்கு மூணு பேருக்கு எப்படிச் சோறு போட?" என்று எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது.

"வேல போனதுதான் தெரியுமே" என்றார் அக்கா.

"தெரியுமா?"

"கம்பெனி போர்டக் கழட்டி அங்கன பேக்கரி வச்சு மூணு வாரமாச்சு. அங்கன போயி பப்ஸ் வாங்கித் திங்குற ஊருக்கு, ஒன் வீட்டுக்காரருக்கு வேல இல்லன்னு தெரியாதா? ஒங்க அப்பா போன வாரம் சரக்கு எடுக்க வந்தப்ப அவுகளும்தான் வாங்கித் தின்னாக."

கவிழ்த்து வைத்திருந்த அண்டா மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"பெறகு ஏன் என் வீட்டுல சாப்பாடு போட்டீக?"

"நீ பேசாதடி" என்று அக்கா கொப்பரையைக் கீழே வைத்தார். "நம்ம போதகர் வீட்டு ஐயரம்மா லிஸ்டு போட்டுக் குடுத்தாக, இந்த மாசம் அரிசி குடுக்க வேண்டிய வீடுகன்னு. மொதப் பேரே ஒம் பேருதான். பத்துக் கிலோ. நான் ஒம் பையத் தூக்கிப் பாத்தேன், கல்லு மாதிரிக் கனக்குது. சரி, மாப்பிள்ளைக்கு வேற வேல தெகஞ்சிருச்சு போலன்னு நெனச்சு, எங் கையால ஒம் பேர அடிச்சேன். அடிச்சுட்டு, நல்லாருக்குற வீடுன்னு ஊழியக்காரருக்குச் சாப்பாட்ட அங்கன மாத்திவிட்டேன். இப்ப வந்து அரிசி இல்லங்குற!"

"பத்துக் கிலோவா?" என்றேன்.

"பத்து. எல்லாம் ஞாயித்துக்கெழமயே பிரிச்சுக் குடுத்தாச்சு, இனி ஒரு மணி கெடையாது. நீ தூக்கிட்டு வந்து கொட்டுனதும் அதோட சேந்து போயிருச்சு."

மூன்று வாரமாக எண் போட்டுக் கேட்ட அரிசி, கேட்ட எடையிலேயே, எனக்கென்று பெயர் எழுதி வந்துகொண்டிருந்திருக்கிறது. வாசல் வரை வந்ததை நான்தான் மூன்று கிலோ கூலி கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அக்காவின் முகத்தைப் பார்த்தால் திட்டப் போகிறாரா சிரிக்கப் போகிறாரா என்று தெரியவில்லை. அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். அவர் கையின் எடை முதல் தடவையாகத் தப்பியிருந்தது. அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை, போனில்தான் பேசினார். நான்கு பேரிடம். ஒவ்வொருவரிடமும் கதையை முதலிலிருந்து சொன்னார். நான் அண்டா மேல் உட்கார்ந்து நான்கு தடவையும் கேட்டேன். நான்காவது தடவை வரும்போது என் பையின் எடை ஐந்து கிலோவாகியிருந்தது.

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு மாடிப்படியில் ஏனங்கள் வரிசையாக ஏறி வந்தன. அக்கா சோற்றுக் குண்டானோடு முதலில் வந்தார். பின்னால் கறிக்குழம்பு, ரசம், முட்டைக்கோஸ் பொரியல், பாயசம். நான் செய்தது இலை போட்டதும் தண்ணீர் வைத்ததும்தான். மிஷனெரி ஐயா நிதானமாகச் சாப்பிட்டார். இரண்டாவது முறை குழம்பு ஊற்றச் சொல்லிவிட்டு, "அம்மா கைமணம் பிரமாதம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். சமையலறை வாசலில் நின்ற ஐந்து பெண்களும் என்னையே பார்த்தார்கள். குழம்பு கொண்டுவந்தவர் மட்டும் கூரையைப் பார்த்தார்.

"நான் எதையும் சமைக்கல ஐயா" என்றேன். "எல்லாம் இவுக கொண்டாந்தது."

அவர் சிரித்துத் தலையாட்டினார், நான் தன்னடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு.

கை கழுவியதும் வழக்கப்படி எல்லோரும் பாயில் உட்கார்ந்தோம். சாப்பிட்ட வீட்டுக்கு ஜெபம் செய்துவிட்டுத்தான் ஊழியர்கள் கிளம்புவார்கள். அதற்கு முன், "ஜெபக் குறிப்பு ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டுப் பதில் எப்போதும் ஒன்றுதான்: நல்ல மழை வேண்டும், எல்லோருக்கும் சுகம் வேண்டும். யாருக்கும் எதையும் காட்டிக்கொடுக்காத பதில். கேட்டதும் அதுதான் நாக்கு நுனிக்கு வந்தது. என் கணவர் பாயின் கோரையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். அவர் எடுத்துக் கொடுக்கப் போவதில்லை என்று தெரிந்தது.

"இவுகளுக்கு வேலை போயிருச்சு ஐயா" என்றேன். "வேலை கெடைக்கணும். வீட்டுல அரிசி தீந்து போச்சு. அதுக்கும் ஜெபம் பண்ணுங்க."

எனக்குக் காது சுட்டது. ஐயா தலையைக் குனிந்து கண்ணை மூடினார். பெண்கள் எல்லோரும் முக்காடு போட்டுக்கொண்டோம். அவர் ஆரம்பிக்க வாயெடுக்கும் நேரத்தில் அக்கா தொண்டையைச் செருமினார்.

"வேலைக்கு மட்டும் ஜெபம் பண்ணுங்கய்யா. அரிசி வாங்கி எங் கடைல போட்டுருக்கேன், சாயந்தரம் கொண்டாந்துருவேன்."