அண்ணி பிடித்த கிரகம்

கல்யாணமான மறுவருஷம் அண்ணன் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தான். ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசைக்கே அதுதான் முதல் கம்ப்யூட்டர். அவன் ஃபேக்டரியில் வேலை பார்த்தான், நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த அண்ணிக்கு ஊர் இன்னும் பழகவில்லை.

கம்ப்யூட்டரோடு ஒரு விளையாட்டும் வந்தது. அதில் நாம்தான் விண்கலத்தின் கேப்டன். கிரகம் கிரகமாகப் போய், ஆட்களிடம் பேசி, சரக்கு விற்று, கடைசியில் பகைவர்கள் பிடித்துவைத்திருக்கும் நம் கிரகத்தை மீட்க வேண்டும். யார் பேசினாலும் திரையில் மூன்று பதில்கள் வரும். ஒன்றை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அண்ணனுக்கும், கோவில்பதாகையிலிருந்து வரும் அவன் சிநேகிதனுக்கும் சண்டைதான் பிடிக்கும். பேச்சு வந்தாலே சிநேகிதனுக்குப் பொறுக்காது.

"இன்னா மாமே, எங்க போனாலும் நின்னு பேசிக்கினே கீது. சுட உடு."

இருவரும் வேண்டுமென்றே மரியாதையில்லாத பதிலையே அமுக்கிச் சிரிப்பார்கள். அதனால் போகப்போக ஒரு கிரகத்திலும் எரிபொருள் தர ஆளில்லை. கடைசிச் சண்டையில் ஒவ்வொரு முறையும் பகைவரின் கப்பல்கள் சூழ்ந்துகொண்டு இவர்களைப் பொடியாக்கின. ஆட்டமே சரியில்லை என்றான் அண்ணன்.

அண்ணி துணி மடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் கேட்டார்.

"அந்த நீலத்தோல் பொம்பள தண்ணியில்லன்னு அழுதாளே, அவளுக்கு என்னாச்சு?"

"யாருக்குத் தெரியும்? விட்டுட்டு வந்துட்டோம்" என்றான் அண்ணன்.

மறுநாள் அவன் ஷிஃப்டுக்குக் கிளம்பியதும் அண்ணி என்னிடம், "நாம புதுசா ஆரம்பிப்போமா?" என்றார். நான் இங்கிலீஷை வாசித்துச் சொல்வேன். எந்தப் பதில் என்று அண்ணி முடிவு செய்வார். முதல் வேலையாக அந்த நீலத்தோல்காரிக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

எனக்கு நட்சத்திர வரைபடம் பிடித்தது. போன இடமெல்லாம் அதில் வெளிச்சமாகும். பிடிக்காதது, ஸ்டேஷனுக்குப் போனால்தான் ஆட்டத்தைச் சேமிக்க முடியும் என்பது. நடுவில் கரண்ட் போனால் எல்லாம் போச்சு. அண்ணிக்கு வேறு குறை. கப்பலில் பாரம் கூடினால் எதையாவது வெளியே எறியச் சொல்லும்.

"தானிய மூட்டைய யாராவது எறிவாங்களா?" என்று கோபித்துக்கொண்டு, வழியில் எந்தக் கிரகம் பசியில் கிடந்ததோ அங்கே இறக்கிவிடச் சொன்னார்.

கடைசிச் சண்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தது. அண்ணனும் சிநேகிதனும் பின்னால் வந்து நின்றார்கள். எங்கள் கலத்தில் துப்பாக்கி சின்னது. பகைவரின் கப்பல்கள் சூழ்ந்தன. அப்போது திரையின் ஓரத்தில் ஒரு கப்பல் தெரிந்தது. நீலத்தோல்காரியுடையது. அதன் பின்னால் தானியம் வாங்கியவர்கள், அதற்கும் பின்னால் எங்களுக்கே மறந்துபோனவர்கள். திரை நிறைய வந்தார்கள். பகைவர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். எங்கள் கிரகம் மீண்டது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து அண்ணியைக் கட்டிக்கொண்டேன்.

"நம்மளுக்கு ஒருத்தன்கூட வரலியே மாமே" என்றான் சிநேகிதன்.

"அவுங்க வர்றதுக்கு நீங்க என்னத்தச் செஞ்சீங்க?" என்றார் அண்ணி.

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். "கேப்டன் சொன்னா சரிதான்" என்றான். அன்றிலிருந்து சிநேகிதனும் அவரைக் கேப்டன் அண்ணி என்றே கூப்பிட்டான். அண்ணிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

முடிவு மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு கொடி பறந்தது, பெயர்கள் ஓடின, அவ்வளவுதான்.

"இவ்வளவு பாடுபட்டு ஜெயிச்சதுக்கு ஒரு விருந்துகூடக் காட்டலையே" என்று சொல்லிவிட்டு, சமையலறைக்குப் போய் ரவையை வறுக்க ஆரம்பித்தார். எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் கேசரி போனது. எதற்கு என்று கேட்டவர்களிடம் அண்ணி தலைநிமிர்ந்து சொன்னார்: "ஒரு கிரகத்தைப் பிடிச்சோம்."