வராத பிள்ளையிடம் வகுப்புச் சாவி

செய்தி வந்தபோது நான் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். குற்றாலத்தில் ஐந்தருவி போகிற சாலையில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைத்திருப்பவள் வேறு எங்கே நிற்பாள்? பக்கத்துப் பஜ்ஜிக்கடை சுடலைமுத்து வந்தான். ஒரு கேலி பேசாமல் என் கடையைத் தாண்டாதவன், அன்று தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

"என்னலே, ஒன் பஜ்ஜியை நீயே தின்னுட்டியா? மூஞ்சி அப்படி இருக்கு."

"மதினி, செண்பகம் டீச்சர் போயிட்டாவளாம். காலைல நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சுபோச்சாம்."

அடுப்பை அணைத்தேன். சட்டியில் கிடந்த காய் அரைவேக்காட்டிலேயே நின்றது. இரண்டு பேரும் கடையைச் சாத்திவிட்டுப் புறப்பட்டோம்.

பள்ளியில் நடக்கிற அஞ்சலிக் கூட்டத்தில் என்னையும் பேசச் சொன்னார்கள். பிறகு, நான் பேசினால் கூட்டம் சிரித்துவிடும் என்று பயந்து, எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், அதிலும் ஐந்தாம் வகுப்பு பாதிதான். எழுத்துப் பிழைகளை என் மகள் திருத்தியிருக்கிறாள். மற்ற பிழைகள் என்னுடையவை.

டீச்சருக்கும் எனக்கும் பழக்கம் ஏற்பட்டது பள்ளி மேலாண்மைக் குழுவால். பெற்றோரில் ஒரு தாயைத் தலைவியாகப் போட வேண்டும் என்று கூட்டம் கூட்டினார்கள். எல்லாரும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தபோது நான் மட்டும் நிமிர்ந்து, பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தேன். "அங்கன சிரிக்கிற அம்மா இருக்காங்கள்லா, அவங்களைப் போடுங்க" என்று பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குண்டாக, கண்ணாடி போட்டு ஒரு கணக்கு டீச்சர். அன்று முதல் அவர்களுக்கு நான் 'தலைவியம்மா'. கேலிக்குத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். நானும் சும்மா விடவில்லை. டீச்சர் பிறந்தது திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் காட்டில். சாரல் விழுந்தாலே குடையை விரித்துவிடுவார்கள். "மழையை இப்பத்தான் நேர்ல பாக்குதியளோ டீச்சர்?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பேன்.

முதல் கூட்டத்திலேயே எங்களுக்குள் சண்டை. டீச்சர் பத்தாம் வகுப்பின் வகுப்பாசிரியை. வருடம் தொடங்கும்போது வகுப்பறைச் சாவியை ஒரு பிள்ளையிடம் கொடுப்பார்கள். எல்லாப் பள்ளியிலும் அதை முதல் மார்க் வாங்குகிற பிள்ளைக்குக் கொடுப்பார்கள். டீச்சர், போன வருடம் அதிகமாகப் பள்ளிக்கு வராமல் இருந்த பிள்ளை யார் என்று பார்த்து, அதன் கையில் கொடுப்பார்கள்.

"டீச்சர், வராத பிள்ளைகிட்ட சாவியைக் குடுத்தா, வந்த பிள்ளைங்க எங்க போவும்?"

"எங்கயும் போவாது. வாசல்ல நிக்கும். நின்னு கால் வலிச்சா, அதுகளே போய் அந்தப் பிள்ளையைக் கூட்டிட்டு வரும்லா."

எனக்கு இது கோட்டித்தனமாகப் பட்டது. ஆனால் அந்த வருடம் சாவி முத்துச்செல்வியிடம் இருந்தது. அவளைத் தெரிந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள். அப்பா இல்லாத பிள்ளை. அம்மா ஒரு லாட்ஜில் துணி துவைத்தாள். ஒன்பதாம் வகுப்பில் பாதி நாள் அவள் பள்ளிப் பக்கமே வரவில்லை. சாவி கைக்கு வந்த பிறகு, எல்லாருக்கும் முன்னால் வந்து கதவைத் திறந்து, சன்னலைத் தள்ளிவிட்டு, வருகிறவர்களை அதிகாரம் பண்ண ஆரம்பித்தாள். "ஏட்டி, கால்ல சகதியோட ஏறாத" என்று அவள் கத்துவது சாலை வரைக்கும் கேட்கும்.

அப்புறம் ஒருநாள் கதவு திறக்கவில்லை.

அவள் அம்மா லாட்ஜ் படியில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. கொல்லத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு ஆள் கேட்கிறார்கள் என்று சித்தப்பா வந்து, விடியும்போதே முத்துச்செல்வியைத் தன் காய்கறி லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். சாவியும் அவளோடு போய்விட்டது. தேடிப் போன பிள்ளைகள் ஓடிவந்து இதைச் சொன்னபோது நான் பள்ளியில் சத்துணவு பார்க்க வந்திருந்தேன். சாரல் அடித்து வராந்தா முழுவதும் ஈரம். பிள்ளைகள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். தலைமையாசிரியர் பூட்டை உடைக்க ஆள் கூப்பிட்டார்.

டீச்சர் வழியை மறித்து நின்றார்கள். "சார், பூட்டை ஒடைச்சிட்டா நாளைக்கு அவ எதைத் திறக்க வருவா?"

அப்புறம் என்னைப் பார்த்து, "தலைவியம்மா, ஒங்க மொபெட் ரெண்டு ஆளைத் தாங்குமா?" என்றார்கள்.

"ஒங்களையும் இன்னொரு ஆளையும்னா சந்தேகந்தான்" என்றேன். ஏறிவிட்டார்கள். செங்கோட்டையைத் தாண்டி மழை வலுத்தது. பின்னால் உட்கார்ந்து குடை பிடித்தார்கள். காற்று அதைப் பிடித்து எங்களை ஒருபக்கமாக இழுத்தது. "டீச்சர், குடையை மடக்குங்க, பறந்துருவோம்" என்று கத்தினேன். "பறந்தா சீக்கிரம் போவலாம்லா" என்றார்கள்.

புளியறையில் கேரள எல்லைச் செக்போஸ்டுக்கு முன்னால் விடிந்ததிலிருந்தே லாரிகள் நகராமல் வரிசையாக நின்றன. தக்காளி ஏற்றிய ஒரு லாரியின் முன்சீட்டில் முத்துச்செல்வி உட்கார்ந்திருந்தாள். டீச்சர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஏன் போகிறாய் என்று கேட்கவில்லை. படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஏட்டி, சாவி எங்க?"

அவள் பையைத் துழாவி எடுத்து நீட்டினாள். டீச்சர் வாங்கவில்லை.

"என்கிட்ட ஏன் நீட்டுத? பூட்டு அங்கன தொங்குது. எல்லாம் வெளிய நிக்கி."

சித்தப்பா இறங்கி வந்தார். "டீச்சர், சாவியை வாங்கிட்டு விடுங்க. நான் என்ன பிள்ளையைக் கடத்திட்டா போறேன்? அவ ஆத்தாளுக்கு யாரு கஞ்சி ஊத்துவா, நீங்களா?"

நியாயமான கேள்விதான். டீச்சர் யோசிக்கவே இல்லை. என் பக்கம் திரும்பினார்கள்.

"அவளுக்குக் கால்தான ஒடிஞ்சிருக்கு, கை நல்லாத்தான இருக்கு. தலைவியம்மா, ஒங்க கடையில உக்காந்து செய்யிற வேலை இருக்கா?"

"உக்காந்து செய்யிற ஒரே வேலை காய்த் தோல் சீவுறது. அதை நான்லா செய்யுதேன்."

"அப்ப நீங்க எந்திரிங்க."

சித்தப்பாவே சிரித்துவிட்டார். வரிசை நகர்ந்தது, பின்னால் இருந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். "சரி, எறங்குட்டி" என்றார். டீச்சரும் அவளும் பஸ்ஸில் வந்தார்கள், நான் மொபெட்டில் பின்னாலேயே வந்தேன். மத்தியானம் அவள்தான் கதவைத் திறந்தாள். மறுவாரம் அவள் அம்மா என் மணைப்பலகையில் வந்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து நான் நிற்கிறேன். கால் வலிக்கும்போதெல்லாம் டீச்சரைத் திட்டியிருக்கிறேன்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் பரீட்சை முடிவு வந்தபோது முத்துச்செல்வி கணக்கில் பெயில். நான் நேராக டீச்சர் வீட்டுக்குப் போனேன்.

"போயும் போயும் ஒங்க பாடத்துலயா டீச்சர்?"

"மிச்ச நாலுலயும் பாஸ் பண்ணிருக்காளா இல்லையா? போனது என் கையில இருக்கிற பாடம்தான். வசதியாப் போச்சு" என்றார்கள். அப்படி ஒரு தைரியம் அவர்களுக்கு. பிள்ளைகள் பெயிலானால் சட்டை கிழிந்த மாதிரிதான் பேசுவார்கள். எங்கே கிழிந்திருக்கிறது என்று பார்த்துத் தைக்க வேண்டியதுதான் என்பார்கள்.

தைக்கிற நேரந்தான் வம்பு. துணைத்தேர்வு வருவதும் குற்றாலத்தில் சீசன் சூடு பிடிப்பதும் ஒரே சமயம். அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்தால் கடைக்காரர்களுக்கு ஆள் வேண்டும். பெயிலான பிள்ளைகள் அந்த ஒரு சீசன் என்று வேலைக்கு நிற்பார்கள், அதற்குப் பிறகு புத்தகத்தைத் தொட மாட்டார்கள். முத்துச்செல்வியும் என்னைக் கேட்காமல் சுடலைமுத்து கடையில் நின்றுவிட்டாள். டீச்சர் சொல்லியும் அவன் விடவில்லை. "அவளா வந்தா டீச்சர். சீசன்ல ஒரு கை கொறைஞ்சா நான் என்ன செய்ய?"

டீச்சர் சண்டை போடவில்லை. மறுநாள் குடையோடு வந்து அவன் கடைப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டீச்சர் உட்கார்ந்தால் அந்தப் பெஞ்சில் வேறு ஆளுக்கு இடம் கிடையாது. முத்துச்செல்வியைப் பக்கத்தில் நிறுத்தி, புத்தகத்தை விரித்து, நாற்பது பேருக்கு நடத்துகிற குரலில் இருபடிச் சமன்பாட்டை ஆரம்பித்தார்கள். அருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு வந்தவர்கள் திகைத்தார்கள். பிள்ளைகளோடு வந்த ஒருவர், கணக்குச் சத்தம் கேட்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு என் கடைக்கு ஓடிவந்தார். எனக்கு அன்று நல்ல வியாபாரம். சாயங்காலம் சுடலைமுத்து கைகூப்பி நின்றான்.

"டீச்சர், கும்பிட்டுக் கேக்கேன், ரெண்டு பேரும் கடையை விட்டு எறங்குங்க."

"பரீட்சை முடியிற மட்டும் துணைத்தேர்வுப் பிள்ளை யாரையும் சேக்க மாட்டேன்னு சொல்லு. எறங்குதோம்."

சொன்னான். அடுத்த கடைக்கும் டீச்சர் வந்து உட்கார்ந்துவிடுவார்களோ என்ற பயத்தில் வரிசையாக எல்லாக் கடைக்காரர்களும் சொன்னார்கள். முத்துச்செல்வி அந்தத் தேர்வில் தேறினாள், மேலே படித்தாள். இன்று தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறாள். என் கையில் ஊசி குத்தும்போது, "கத்தாதீங்க அத்தை, வெளிய ஆள் நிக்கி" என்று அதே அதிகாரம்.

பெயிலான பிள்ளைகளின் வீட்டுக்கு ஒவ்வொரு வருடமும் டீச்சரும் நானும் சேர்ந்து போவோம். ஓய்வு பெற்ற பிறகும் வந்தார்கள். வீட்டில் முதல் தடவை யாரும் சரி என்று சொல்ல மாட்டார்கள். திரும்பி வரும்போது எனக்குச் சோர்வாக இருக்கும். டீச்சர், "இன்னைக்கு நாம யாருன்னு தெரிஞ்சுக்கிட்டாவ. நாளைக்குத்தான் பேச்சு" என்பார்கள். மறுநாளும் போவோம். அதற்கு மறுநாளும் போவோம். சலித்துப்போய்ச் சரி என்று சொன்ன வீடுகள்தான் அதிகம்.

இந்த வருடம் நான் தனியாகப் போகிறேன். கணக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியாது. அதைப் புது டீச்சர் பார்த்துக்கொள்வார். டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, திரும்பவும் போகிற அந்தப் பழக்கத்தைத்தான். நேற்று மேலகரத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். பெண் பிள்ளை, அறிவியலில் மட்டும் போயிருக்கிறது. மகளைச் சிவகிரியில் துணிக்கடையில் சேர்த்துவிடப் போவதாக அவள் அப்பா சொன்னார். நான் பேச ஆரம்பித்ததும் கதவைச் சாத்திவிட்டார். கதவுக்குப் பின்னால் அந்தப் பிள்ளை நின்று கேட்டுக்கொண்டிருந்தது. பாவாடை நுனி தெரிந்தது.

அந்த அப்பாவுக்கு டீச்சரைத் தெரியாது. அதனால்தான் கதவைச் சாத்தியதும் நான் போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். உங்களுக்குத் தெரியும். நாளைக் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் அங்கேதான் நிற்பேன்.