மடியில் இடமில்லாத பை

காலை எட்டு பத்து. மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு போகும் பேருந்தில், பின்படியில் ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது என் மகளின் பை. அதை முன்பக்கமாக மாட்டி, இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்தபடி நின்றாள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். நின்றுகொண்டிருந்த மற்ற மாணவிகள் யார் தோளிலும் பை இல்லை. உட்கார்ந்திருந்தவர்களின் மடிகளில் மூன்றும் நான்குமாக அடுக்கியிருந்தன. இந்தத் தடத்தில் அதுதான் வழக்கம். நிற்பவர் கேட்க வேண்டியதில்லை. உட்கார்ந்தவரே கை நீட்டி வாங்கிக்கொள்வார்.

பெங்களூரிலிருந்து ஜூனில் இங்கே வந்தோம். கணவருக்கு அங்கேயே வேலை. மாதம் ஒருமுறை வருவார். மகளின் தமிழில் கன்னடம் கலந்திருக்கும். இந்த ஊரிலும் கன்னடம் பேசும் வீடுகள் உண்டு. ஆனால் அவள் புதிதாக வந்தவள். "ஏய் பெங்களூரு, ஊட்டா ஆய்த்தா?" என்பார்கள். சாப்பிட்டாயா என்பதுதான். அதையே நாளெல்லாம் கேட்டார்கள். ஒருநாள் அவள் பை மடி மாறி மடி மாறிக் கடைசி இருக்கைக்குப் போனது. ஒருத்தி நோட்டைத் திறந்து, அதிலிருந்த கன்னட எழுத்தை வாசிப்பதுபோல் மூக்கால் உளறினாள். பேருந்தே சிரித்ததாம்.

நான் பள்ளிக்குப் போய்ப் புகார் சொன்னேன். ஆசிரியை மறுநாள் காலை வழிபாட்டில் நான்கு மாணவிகளைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் நிற்க வைத்தார். அதன்பின் யாரும் அவள் பையைப் பிடுங்கவில்லை. யாரும் வாங்கவும் இல்லை. "தொடாதடீ, அவங்கம்மா வந்துரும்" என்றார்கள். தெருவில் எனக்குப் பழக்கமான இரண்டு பெண்களும் பேச்சை நிறுத்தினார்கள். அவர்கள் மகள்களும் அந்த நால்வரில் இருந்தார்கள்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பெங்களூரில் ஹாஸ்டலில் சேர்த்துவிடச் சொன்னாள் மகள். படிவம் வாங்கி வைத்தேன். அதற்குப் பிறகுதான், பாலக்கோட்டுக்கு வேலைக்குப் போகும் நான், அவள் பேருந்திலேயே ஏறத் தொடங்கினேன்.

பையைக் கட்டிப் பிடித்து அவள் நின்ற அந்தக் காலையில் நடத்துநர் சொன்னார். "பாப்பா, பைய யாருகிட்டயாவது குடு. எல்லாரையும் இடிக்குது பாரு."

அவள் தலையை ஆட்டினாள், கொடுக்கவில்லை. பின்னிருக்கையிலிருந்து நான் கை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போது, மகள் நின்ற இடத்தை ஒட்டிய இருக்கையில் இருந்த அவள் வகுப்புப் பெண் பையின் வாரைப் பிடித்து இழுத்தாள். நோட்டை வாசித்த நாளில் சிரித்தவர்களில் அவளும் ஒருத்தி என்று மகள் பிறகு சொன்னாள்.

"குடுடீ."

"வேணாம்."

"கை வலிக்கல?"

"உன்னையும் பிரேயர்ல நிக்க வெப்பாங்க."

"வெக்கட்டும். அதுக்குத்தான் இப்பவே உக்காந்துக்கறேன். குடு."

மகள் பையைக் கழற்றினாள். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "பெங்களூரு, ஊட்டா ஆய்த்தா?"

பையை மடியில் வைத்த பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவ நாலு இட்லி சாப்ட்டாளாம். நீ பட்டினியா? தெனமும் கேக்கறியே."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கேட்டவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். பாலக்கோடு வரும்வரை அந்தக் கேள்வி மறுபடி வரவில்லை. அடுத்த இரண்டு வாரங்களில் அது இரண்டு முறைதான் என் காதில் விழுந்தது. இடம் கிடைக்காத நாட்களில் இருவரும் சேர்ந்து நின்றார்கள். இரண்டு பைகளும் வேறு யாராவது ஒருவர் மடியில் இருந்தன.

ஒரு மாலை ஹாஸ்டல் படிவத்தை எடுத்து வைத்து, எப்போது அனுப்பலாம் என்று கேட்டேன்.

"அது வேணாம்மா," என்றாள். கொஞ்சம் கழித்து, "நாளையிலேர்ந்து நீ எங்க பஸ்ல வராத."

"ஏன்?"

"எங்களால பேச முடியல. நீ பாத்துக்கிட்டே இருக்க."

இப்போது நான் எட்டே முக்கால் பேருந்தில் போகிறேன். அதில் உட்கார இடம் கிடைக்கிறது.