ராணி என்று எழுதினேன்

எழுந்து போய்விடப் பார்க்கிறேன் நான், என் கணவர் கணினியில் இங்கிலாந்தின் பழைய தேவாலயப் பதிவேடுகளைத் திறக்கும்போதெல்லாம். டேனிஷ்காரரான அவருக்குத் தன் ஆங்கிலேய முன்னோர்களைத் தேடுவதில் பைத்தியம். ஒரே கொள்ளுப்பாட்டனின் பெயரை மூன்று பாதிரிமார் மூன்று விதமாய் எழுதியிருப்பதைக் காட்டி விழுந்து விழுந்து சிரிப்பார். சிரிக்கிற விஷயமா அது!

டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊருக்கு அப்பாவும் நானும்தான் முதலில் வந்தோம். கைக்குழந்தையான தம்பியோடு அம்மா மன்னாரில் நின்றுவிட்டார். துணி ஆலையில் வேலை கிடைத்ததும், அவர்களைக் கூப்பிட அப்பா விண்ணப்பம் எடுத்துவந்தார். எனக்குப் பத்து வயது. "நீதானே பள்ளிக்கூடத்தில டேனிஷ் படிக்கிறாய், நீயே நிரப்பு பிள்ளை" என்றவர், பின்னேர வேலைக்கு ஓடும் அவசரத்தில் வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். மனைவியின் பெயர் கேட்ட இடத்தில் நான் அழகாக "ராணி" என்று எழுதினேன். மன்னாரில் எங்கள் ஒழுங்கையில் மீன் விற்க வருகிறவர்கூட அம்மாவை அப்படித்தான் கூப்பிட்டார். வேறு பெயர் இருக்குமென்று யார் கண்டது?

இரண்டு கிழமை கழித்து, மன்னார்க் கோயில் ஏட்டிலிருந்து அப்பா அம்மாவின் கலியாணப் பதிவைப் பிரதியெடுத்துப் பங்குத்தந்தை அனுப்பியிருந்தார். மணமகள்: மரிய மதலேனாள். யாரடியம்மா இது! அதுதான் அம்மாவின் ஞானஸ்நானப் பெயராம்; ராணி வீட்டுப் பெயர்தானாம். அப்பாவோ அதைப் பக்கத்து வீட்டுச் சூசை மாமாவிடம் பெருமையாகக் காட்டினார். "கோயில் புத்தகம் பொய் சொல்லாது. ஆனா ஒரு எழுத்துப் பிசகினாலும் இவங்கள் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள், கவனம்" என்றார் மாமா. என் விண்ணப்பமோ ஏற்கெனவே போய்விட்டிருந்தது. அப்பா அன்றே அந்தப் பிரதியையும் அரசாங்கத்துக்குத் தபாலில் சேர்த்தார்.

மாதங்கள் போயின, வருடம் போனது, பதில் இல்லை. கதவுத் துளையால் தபால் விழும் சத்தம் கேட்டால் குளியலறைக்குள் ஓடிப் பூட்டிக்கொள்வேன். மன்னாரில் சண்டை என்று வானொலி சொன்னால், அம்மாவை அங்கே நிறுத்தி வைத்திருப்பது நான்தான் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். "பொறு பிள்ளை, வருவினம்" என்பார் அப்பா. சொல்லிவிடலாமென்று வாய்வரைக்கும் வரும். சொன்னால் அவர் என்னை வெறுத்துவிடுவார் என்று விழுங்கிவிடுவேன்.

மூன்றாம் வருடம் அனுமதி வந்தது, பெயரைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லாமல். விமான நிலையத்தில் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் அழுதழுது சொன்னேன். "அட விசரி, இதுக்கே இவ்வளவு நாளும் பயந்துகொண்டிருந்தனீ?" என்று அம்மா சிரித்தார். அவருடைய சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பி என்னைக் காட்டி, "இது ஆரம்மா?" என்று கேட்டான்.

பிறகுதான் டென்மார்க் முழுக்கத் தமிழர் வழக்கு என்று பேச்சு எழுந்தது. எங்களைப் போன்றவர்களின் விண்ணப்பங்களை நீதி அமைச்சின் மேலிடத்தில் வேண்டுமென்றே ஆறப்போட்டிருந்தார்களாம். என் "ராணி"யை அத்தனை காலமும் ஒருவரும் வாசித்திருக்கவே மாட்டார்கள். ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்; எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கலியாணப் புத்தகம் போரில் கோயிலோடு எரிந்துபோனது. அம்மாவும் போய்விட்டார். கோல்டிங் நகரில் இருக்கும் தம்பி ஞாயிறுதோறும் தவறாமல் தொலைபேசியில் கதைப்பான், அன்புக்குக் குறைவில்லை. ஆனால் அவன் பேசப் பழகிய நாட்களில் நான் பக்கத்தில் இல்லை. இன்றைக்கும் அவன் என்னை அக்கா என்று கூப்பிடுவதில்லை, பெயர் சொல்லித்தான்.