மீசைக்காரர்களுக்கு மனைவி பெயரில் டோக்கன்

ஹார்மோன் டாக்டரின் ஓ.பி.யில் நர்சாக இருப்பவளுக்கு ஊசி போடத் தெரிந்தால் மட்டும் போதாது, சிரிப்பை அடக்கவும் கோபத்தை அடக்கவும் தெரியவேண்டும். முதலாவது எனக்கு வந்துவிட்டது, இரண்டாவது இன்றுவரை வரவில்லை.

மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கம் நிற்பவர்களிடம் நாள் முழுக்கப் பேச்சு வாங்கிச் சம்பளம் எடுக்கும் என் இனத்தவர்களே, நீங்கள் ரேஷன் கடையில் இருந்தாலும் சரி, பாங்கில் இருந்தாலும் சரி, இதைப் படித்தால் உங்கள் வேலை பரவாயில்லை என்று தோன்றும். நான் தேயிலை மலையான சின்னக்கானலில் பிறந்தவள். கல்யாணமாகி இங்கே, வடகரப்பதிப் பக்கம், கோயமுத்தூர் பஸ் நிற்கிற மலையாள எல்லையோரத்துக்கு வந்தேன். எங்கள் சின்ன ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒருமுறை ஹார்மோன் டாக்டர் வருவார். அன்றைக்கு என் ரத்த அழுத்தத்தை யாராவது பார்த்தால் என்னைத்தான் படுக்கையில் போடுவார்கள். பெயர்களை மாற்றியிருக்கிறேன். கோபத்தை மாற்றவில்லை.

சாவித்திரி எழுந்து வந்தார்

முதல் மாதத்திலேயே நடந்தது. டோக்கன் வரிசையில் "சாவித்திரி!" என்று கூப்பிட்டேன். முறுக்கிய மீசையோடு ஒரு ஆள் எழுந்து வந்தார். தப்பாக எழுந்துவிட்டார் போல என்று மறுபடியும் கூப்பிட்டேன். "நாந்தானுங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அடுத்துக் கூப்பிட்ட ராஜாமணிக்கும், அதற்கடுத்த பேபிக்கும் அதே கதை. ஆண்களுக்கான ஹார்மோன் பிரச்சினை என்றால் டோக்கனை வீட்டுக்காரி பெயரில் போடுவது இந்தப் பக்கத்து வழக்கம். ஹாலில் தெரிந்தவன் யாராவது உட்கார்ந்திருந்தால், பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை, துணைக்கு வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

வியாதி இவருக்கு, கெட்ட பெயர் அவளுக்கு. ரத்தம் எடுக்கும் குழாயில் யார் பெயரை எழுதுவது என்று நான் சண்டை போட்டேன். சாவித்திரியின் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அவளுக்கு ஒண்ணும் போயிராதுங்க சிஸ்டர், பொம்பளைக்கு ஆஸ்பத்திரி சகஜந்தானுங்களே."

ஆம்பளை டாக்டர் இல்லையா?

எங்கள் ஹார்மோன் டாக்டர் ஒரு பெண். மலையாளி, ஆனால் இந்தப் பக்கத்துத் தமிழை நன்றாகப் புரிந்துகொள்வார். கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே பின்வாங்கும் ஆண்களைப் பிடித்துத் திரும்ப உள்ளே தள்ளுவது என் வேலைகளில் ஒன்று.

ஒருவர் போக மாட்டேன் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா எத்தனை ஆண்களைப் பார்த்தவர், உங்களிடம் புதிதாக ஒன்றும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் யோசித்துவிட்டுக் கேட்டார்: "ஆம்பளை டாக்டர் யாரும் இல்லீங்களா? இல்லாட்டி வயசான பொம்பளையா ஒருத்தரு?"

தூக்கத்துக்கு மருந்து வேண்டாமாம்

ஆண் ஹார்மோன் காலையில்தான் ஏறி நிற்கும், பொழுது போகப் போக இறங்கும். அதனால் ரத்தத்தைக் காலையிலேயே எடுக்கவேண்டும், குறைவாக வந்தால் இன்னொரு காலையிலும் எடுத்துப் பார்த்துத்தான் வைத்தியம். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

எலப்புள்ளியிலிருந்து ஒரு பாக்டரி ஆள் வந்தார். வாரக்கணக்கில் நைட் ஷிஃப்ட், பகலில் தூக்கமில்லை. எங்கேயோ ஒரு லேபில் சாயங்காலம் ரத்தம் கொடுத்து, குறைவு என்று ரிசல்ட் வாங்கி, அதைக் கொடி மாதிரி ஆட்டிக்கொண்டு நின்றார். முதலில் ஒழுங்காகத் தூங்குங்கள், பிறகு காலையில் வந்து மறுபடி ரத்தம் கொடுங்கள் என்றார் டாக்டர். வெளியே வந்தவர் எல்லாக் கோபத்தையும் என் தலையில் கொட்டினார்: "தூங்கறதுக்கெல்லாம் டாக்டர் எதுக்குங்க? ஊசியப் போடுங்க, ஊசி!"

போட வேண்டியவன் போடவில்லை

இவர்கள் மேல் எனக்கு இவ்வளவு எரிச்சல் வருவதற்குக் காரணம் என் சொந்த அண்ணன். சின்னக்கானலில் தேயிலை பாக்டரியில் வேலை. தலைக்குள் ஒரு சின்னக் கட்டி வந்து ஆபரேஷன் செய்ததில் அவன் உடம்பு அந்த ஹார்மோனைச் சுரப்பதையே நிறுத்திவிட்டது. அவனுக்கு ஊசி என்பது பிறருக்குச் சோறு மாதிரி, விட்டால் உடம்பு நிற்காது.

எப்படியோ விஷயம் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. பாக்டரியில் ஒருத்தன் "ஊசி மாப்ளே" என்று கூப்பிட, எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் ஊசியை நிறுத்தினான். ஆள் சோர்ந்து, எலும்பு பலமிழந்து, ஒரு நாள் தேயிலை மூட்டையோடு தடுமாறி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். போனில் நான் கத்தினேன், அழுதேன், மறுபடியும் கத்தினேன். அவன் நிதானமாகச் சொன்னான்: "ஊசி போடலேன்னா எலும்புதானட்டி ஒடையுது, போட்டா மானம்லா போவுது."

தாடையைத் திருப்பிய மாமியார்

இப்போது வளர்மதிக்கு வருகிறேன். கஞ்சிக்கோட்டில் பாக்கிங் வேலைக்குப் போகிற பெண். வடகரப்பதியில் கனகராஜுக்கு வாழ்க்கைப்பட்டு வருஷங்கள் ஆகிவிட்டன, குழந்தையில்லை. மாமியார்தான் அழைத்து வந்தார். முகமெல்லாம் பரு, மேலுதட்டிலும் தாடையிலும் கறுப்பாக முடி, மாதவிலக்கு நின்று சில மாதங்கள். அந்தப் பெண் தலை நிமிரவே இல்லை.

ஹால் நிறைய ஆட்கள். மாமியார் அவள் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பி எனக்குக் காட்டினார், சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பது போல. எனக்கு ரத்தம் கொதித்தது. கையை எடுங்கள் என்று நான் போட்ட சத்தத்தில் மருந்துக் கவுண்டரில் இருக்கும் மணியண்ணன் எழுந்து நின்றுவிட்டார். அந்த அம்மா அசரவில்லை: "ஆவணி பொறந்தா இவ அப்பனக் கூப்புட்டு அனுப்பி உட்டுட்டு எம்பையனுக்கு வேற பொண்ணப் பாக்கறம் அம்மிணி, இது பொம்பளையா இல்லியான்னு மட்டும் சொல்லீருங்க."

முதுகுக்குத் தைலம்

வளர்மதியின் ரத்தத்தில் ஆண் ஹார்மோன் ஆணுக்கு இருக்கிற அளவுக்கு இருந்தது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. வீட்டில் யாராவது தோலில் போடும் மருந்து ஏதாவது பயன்படுத்துகிறார்களா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றாள். அவள் பொய் சொல்லவில்லை, அது மருந்து என்றே அவளுக்குத் தெரியாது.

மறுபடி ரத்தம் எடுக்க வந்த காலையில், ஸ்பிரிட் நனைத்த பஞ்சை நான் எடுத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இந்த வாசமே ஆகறதில்லீங்க சிஸ்டரக்கா. தெனமும் காத்தால அவருக்கு முதுகுக்கும் தோளுக்கும் தைலம் தேச்சு உடறன், அதுலயும் இதே வாசந்தான்" என்றாள். தைலத்துக்கு ஏது ஸ்பிரிட் வாசம்? பஞ்சை வைத்துவிட்டு டாக்டரிடம் ஓடினேன்.

இந்தப் பக்கத்து வீடுகளில் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு ஆம்பளை மணையில் உட்கார்ந்தால் பெண்டாட்டிதான் முதுகு தேய்க்கவேண்டும், அவனுக்குக் கை இருப்பதே அன்றைக்கு மறந்துபோகும். கனகராஜைப் பிறகு விசாரித்ததில் வெளிவந்தது இது: எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு ஜிம் மாஸ்டர் அவரிடம் ஒரு ட்யூபைக் கொடுத்து, இது ஆண்மைக்கு, தினமும் தோளில் தேய், குழந்தை தன்னால் வரும் என்று சொல்லியிருக்கிறான். சொந்தக் கையால் தேய்த்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையால் மூடவேண்டிய ஆண் ஹார்மோன் ஜெல் அது. இந்த மகாராஜா வழக்கம் போல மணையைப் போட்டு உட்கார்ந்து, வலித் தைலம் என்று பொய் சொல்லி, அவள் உள்ளங்கையில் பிதுக்கிவிட்டு, ட்யூபைக் கொண்டுபோய் பைக் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார். அவருடைய தோளுக்குப் போனதில் ஒரு பங்கு தினம் தினம் அவள் கை வழியாக அவளுக்குள் போயிருக்கிறது.

விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்: "ஸ்டெல்லா, அந்த ஆளை நாளைக்கே ட்யூபோட இங்க வரச் சொல்லு, டோக்கன் அவன் பேர்லதான் போடணும், கேட்டோ."

தைராய்டு என்று சொல்லுங்கள்

கனகராஜ் வளர்மதியோடு வந்தார். நல்ல உடம்பு, தோள் பனியனைக் கிழித்துக்கொண்டு நின்றது. விந்துப் பரிசோதனை என்றதும் மூன்று தடவை பாத்ரூமுக்கும் வாசலுக்கும் நடந்தார். கடைசியில் கொடுத்தார். ரிசல்ட்டில் உயிரணு என்று சொல்ல எதுவுமே இல்லை.

டாக்டர் அவருக்குப் பக்குவமாக விளக்கினார். வெளியிலிருந்து இந்த ஹார்மோன் போனால், நமக்கு வேலையில்லை என்று உடம்பு தன் சுரப்பை நிறுத்திக்கொள்ளும், விந்து உற்பத்தியும் படுத்துவிடும். குழந்தைக்காக என்று தேய்த்தது குழந்தை வரும் வழியைத்தான் அடைத்திருக்கிறது. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வரும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், கூடவே வைத்தியமும் பார்க்கவேண்டும். வளர்மதிக்கும் அந்தத் தைலத்தை விட்டாலே விலக்கு திரும்பும், முடிதான் போக நாளாகும். அவளைத் தனியாக அழைத்து அவள் உடம்புக்கு என்ன நடந்தது, ட்யூப் எங்கே ஒளிந்திருந்தது என்பதையும் டாக்டர் மறைக்காமல் சொன்னார். அவள் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இந்த மனிதர் வீட்டுக்குப் போய்த் தன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் ஆவணிப் பேச்சு அன்றோடு ஒழியும் என்று நான் நம்பினேன். நம்பிய எனக்குத்தான் அறிவில்லை. அவள் மருந்துக் கவுண்டரில் நிற்கும்போது கனகராஜ் என்னை மாடிப்படிக்கு அடியில் மடக்கினார். எவ்வளவு கெஞ்சல், எவ்வளவு கும்பிடு! அவர் முகத்தில் குற்ற உணர்ச்சி இருக்கும் என்று தேடினேன், பயம் மட்டும்தான் இருந்தது: "சிஸ்டர், எங்கம்மா கேட்டா அவளுக்குத் தைராய்டுன்னு சொல்லீருங்க, எம்பேரு மட்டும் வெளிய வரக்கூடாதுங்க."

என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. மணியண்ணன் இன்றும் அதை ஆட்களுக்குச் சொல்லிச் சிரிக்கிறார்.

முற்றத்தில் ஒரு ட்யூப்

ஆவணி பிறந்து, அது முடியும் சமயத்தில் வளர்மதி தனியாக வந்தாள். முகத்தில் பரு வற்றியிருந்தது. விலக்கு வந்துவிட்டதாம். இருந்தாலும் என்ன நடந்தது என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. அவளே சொன்னாள்.

அவள் அப்பாவை வரவழைத்துவிட்டார்கள். மாமனார், சித்தப்பா, பெரியம்மா என்று முற்றம் நிறைய உறவு. இந்தப் பெண்ணுக்கு உடம்பில் கோளாறு, தைராய்டாம், நீங்களே அழைத்துப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மாமியார் ஆரம்பித்திருக்கிறார். அப்பா தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். கனகராஜ் வாசல் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவர் வாயைத் திறப்பார் என்று வளர்மதி காத்திருந்தாளாம், காப்பி கொடுத்து முடிகிற வரை. திறக்கவில்லை.

அவள் எழுந்து போய் பைக் சீட்டைத் தூக்கியிருக்கிறாள். நிறுத்தச் சொன்ன பிறகும் ட்யூப் அங்கேயேதான் இருந்தது, அதுவும் புது ட்யூப். எடுத்து வந்து, இது என்ன, யாருக்கு, எதனால் தனக்கு மீசை வந்தது, எதனால் குழந்தை வரவில்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியிருக்கிறாள். பிறகு மூட்டையைக் கட்டிக்கொண்டு, யாரும் அனுப்பாமல், அவளே அப்பாவோடு எலப்புள்ளியில் இருக்கும் பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். வேலைக்கு இப்போது அங்கிருந்துதான் போகிறாள். குழந்தை வேண்டுமென்றால் முதலில் வைத்தியம் பார்த்துக்கொண்டு வாருங்கள், அப்புறம் பேசலாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் இன்னும் வரவில்லை.

"மாமியார் ஒண்ணுமே சொல்லலியா?" என்று கேட்டேன். வளர்மதி முதல் தடவையாக என் முன்னால் சிரித்தாள். கிளம்பும்போது அந்த ட்யூபை மாமியார் மடியில் வைத்துச் சொன்னதை, அதே குரலில் எனக்குச் சொல்லிக் காட்டினாள்: "இனிமே உங்க பையனுக்கு நீங்களே தேச்சு உடுங்கத்தே, கைக்கு உறை மட்டும் போட்டுக்குங்க, இல்லாட்டி மாமாவுக்குப் போட்டியா உங்களுக்கும் மீசை மொளைச்சிரும்."

ஒருத்தன் ரத்தத்தில் ஆண்மை எவ்வளவு ஓடுகிறது என்று காலையில் ரத்தம் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் எங்கள் லேபில் சொல்லிவிடுவோம், அம்மா முன்னால் நின்று ஒரு உண்மையைச் சொல்ல அவனுக்கு எவ்வளவு தேவைப்படும் என்பதற்குத்தான் எந்த லேபிலும் டெஸ்ட் இல்லை.